பழைய தொடரைத் தூசி தட்டும்போது: 'க்ரீட்' படம் தவிர்த்த தவறுகள்

ஓடி ஓய்ந்த ஒரு படத்தொடரை மறுபடி கிளப்புவது தயாரிப்பாளருக்கு சுலபமான முடிவு. பெயர் ஏற்கனவே தெரியும், கூட்டம் ஓரளவு நிச்சயம். ஆனால் அப்படி வரும் படங்களில் பாதி, பழைய படத்தையே திரும்பப் பார்த்திருக்கலாம் என்று நினைக்க வைக்கின்றன. என்ன தப்பு நடக்கிறது என்று பார்க்க, அந்தத் தப்புகளைத் தவிர்த்த, 2015-ல் வந்த 'க்ரீட்' நல்ல உதாரணம். ராக்கி என்ற குத்துச்சண்டை வீரரின் கதையாக 1976-ல் தொடங்கி ஆறு பாகம் ஓடிய 'ராக்கி' தொடர் 2006-ல் நியாயமான முடிவுக்கு வந்திருந்தது. அதற்கு மேல் ஒரு படம் எதற்கு என்ற கேள்வியோடுதான் இயக்குநர் ரயன் கூக்ளர் இதை எடுத்தார். (முடிவையும் சொல்லப் போகிறேன். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரவும்.)

முதல் தவறு, பெரிய தவறு: பழைய நாயகனையே மறுபடி நாயகனாக்குவது. வயதான நட்சத்திரத்துக்கு ஒரு பில்டப், ஒரு என்ட்ரி, கடைசியில் வில்லனுக்கு ஒரு குத்து என்று எழுதிவிடுவார்கள். 'க்ரீட்'டில் ராக்கி ஃபிலடெல்ஃபியாவில் மனைவி பெயரில் உணவகம் நடத்தும் கிழவர். மனைவி ஏட்ரியன் போய்விட்டார், மைத்துனர் பாலியும் போய்விட்டார். கல்லறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவர்களோடு பேசிவிட்டு வருகிறார். பிறகு புற்றுநோய் என்று தெரிகிறது. மனைவிக்கே பலிக்காத சிகிச்சை எனக்கு எதற்கு என்று மறுக்கிறார். அவரைச் சம்மதிக்க வைப்பது, அவரிடம் குத்துச்சண்டை பழக வந்த அடோனிஸ் என்ற பையன்தான். அப்புறம் பயிற்சி மருத்துவமனையிலேயே நடக்கிறது. படுக்கையில் பெரியவர், பக்கத்தில் காற்றில் குத்திப் பழகும் பையன். ராக்கியாக இப்படி ஓரமாக நின்ற சில்வெஸ்டர் ஸ்டாலோனுக்குத்தான் கோல்டன் குளோப் விருது கிடைத்தது. முதல் படத்தில் ஆஸ்கர் பரிந்துரை பெற்றுத் தந்த அதே பாத்திரம் மறுபடியும் பரிந்துரை வாங்கித் தந்தது. தொடரில் அவர் திரைக்கதை எழுதாத முதல் படமும் இதுதான்.

அடுத்தது, புது நாயகனைப் பழையவரின் ஜெராக்ஸாக எழுதுவது. ராக்கி வட்டிக்காரனுக்காகக் கடன் வசூலித்து வயிற்றைக் கழுவியவர். அடோனிஸ் அப்படி இல்லை. முதல் படத்தில் ராக்கியோடு மோதி, பிறகு நண்பரான சாம்பியன் அப்பல்லோ க்ரீடுக்கு மணத்துக்கு வெளியே பிறந்த மகன். அப்பா இறந்த பிறகு பிறந்து, சிறுவர் சீர்திருத்தக் காவலில் அடிதடியோடு வளர்ந்தவனை அப்பல்லோவின் மனைவி மேரி ஆன் வீட்டுக்கு அழைத்து வருகிறார். அதன்பின் லாஸ் ஏஞ்சலஸில் பங்களா, நிதி நிறுவனத்தில் வேலை, பதவி உயர்வு. அதை உதறிவிட்டு வருகிறான். ஆக அவனுடைய பசி பணத்துக்கானது இல்லை. க்ரீட் என்ற பெயர் தனக்குச் சேருமா, சேராதா என்பதுதான் அவன் பிரச்சினை.

இதைக் கூக்ளர் வசனம் இல்லாமல் ஒரே காட்சியில் வைத்துவிடுகிறார். அடோனிஸ் தன் அப்பாவும் ராக்கியும் மோதிய பழைய சண்டையை யூடியூபில் எடுத்து, ப்ரொஜெக்டரில் பெரிதாக ஓட விடுகிறான். எழுந்து திரைக்கு முன்னால் போகிறான். படத்தின் வெளிச்சம் உடம்பில் விழ, அதற்கு ஈடாகக் குத்த ஆரம்பிக்கிறான். கவனித்துப் பாருங்கள், அவன் போடுவது ராக்கியின் குத்துகள். எதிரே நிற்பது அப்பா! முகம் பார்த்தே இராத அப்பாவை அடிக்கவும் வேண்டும், அப்பாவாகவே ஆகவும் வேண்டும். பத்துப் பக்க ஃபிளாஷ்பேக் எழுதினாலும் இது வராது.

மூன்றாவது, நினைவுகளை ஆரம்பத்திலேயே செலவழிப்பது. பழைய பிஜிஎம்மை டைட்டிலிலேயே போட்டுக் கைத்தட்டல் வாங்கிவிட்டால், பிறகு கையில் என்ன இருக்கும்? இசையமைப்பாளர் லுட்விக் யோரான்சன் புது இசையையே ஓடவிட்டு, 'ராக்கி' என்றாலே எல்லாருக்கும் தெரிந்த அந்த ட்ரம்பெட் முழக்கத்தைக் கடைசி ரவுண்டுவரை பிடித்து வைத்திருக்கிறார். முதல் படத்தில் ராக்கி பயிற்சியின்போது ஓடி ஏறிய ஃபிலடெல்ஃபியா அருங்காட்சியகத்தின் 72 படிகளும் அப்படித்தான். அடோனிஸ் பயிற்சிக்கு ஓடுவது தெருவில், பைக் ஓட்டும் உள்ளூர்ப் பையன்கள் சூழ. படிகள் வருவது கடைசியில், மூச்சு வாங்கும் ராக்கி ஒவ்வொன்றாக ஏறுவதற்காக.

சண்டையை வெட்டி வெட்டி ஒட்டுவது இன்னொரு வியாதி. யார் யாரை அடித்தார்கள் என்றே தெரியாது. இங்கே அடோனிஸ் ஸ்போரினோ என்ற வீரனோடு மோதும் இரண்டு ரவுண்டும், நடுவில் மூலையில் உட்காரும் இடைவேளையும் சேர்த்து ஒரே ஷாட். ஒளிப்பதிவாளர் மரீஸ் ஆல்பர்ட்டியின் கேமரா ரிங்குக்குள்ளேயே சுற்றுகிறது. ஸ்போரினோவாக வரும் கேப்ரியல் ரொசாடோவும், இறுதி எதிரி கான்லனாக வரும் டோனி பெல்யூவும் நிஜக் குத்துச்சண்டை வீரர்கள் என்பதால் கால் வைப்பதிலேயே வித்தியாசம் தெரிகிறது.

முடிவில் வெற்றியைத் திணிக்கவும் இல்லை. லிவர்பூலில் நடக்கும் சண்டையில் அடோனிஸ் புள்ளிகளில் தோற்கிறான். முதல் 'ராக்கி'யும் அப்படித்தான் முடிந்தது. இது நகல்தானே என்று கேட்கலாம். ஆனால் ராக்கிக்குக் கடைசிவரை நிற்பது போதுமாக இருந்தது. இவனுக்குத் தன் பிறப்பு ஒரு தவறு இல்லை என்று நிரூபிக்க வேண்டியிருந்தது.

குறையே இல்லையா என்றால், உண்டு. காதலி பியான்கா பாடகி, அவருக்குச் செவித்திறன் குறைந்துகொண்டே வருகிறது. இவ்வளவு கனமான விஷயத்தைப் படம் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. 2018-ல் வந்த இரண்டாம் பாகம், 'ராக்கி' நான்காம் பாகத்தில் அப்பல்லோவை ரிங்கில் கொன்ற இவான் டிராகோவையும் அவர் மகனையும் கூட்டி வந்து, பழைய பகையிலேயே பாதிக் கதையை ஓட்டியது. எனக்கு அது ஒரு படி இறக்கம்தான். 2023-ல் அடோனிஸாக நடிக்கும் மைக்கேல் பி. ஜோர்டனே இயக்கிய மூன்றாம் பாகத்தில் ராக்கி வரவே இல்லை.

பார்ப்பவர்கள் செய்யும் தவறு ஒன்றும் உண்டு: 'ராக்கி'யின் ஆறு பாகத்தையும் பார்த்து முடித்துவிட்டுத்தான் இதைத் தொட வேண்டும் என்று தள்ளிப் போடுவது. அவசியமே இல்லை. 1976-ல் வந்த முதல் படம் போதும். நேரம் இருந்தால், அப்பல்லோ ரிங்கிலேயே உயிரை விடும் 1985-ன் நான்காம் பாகத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதைத் தாராளமாக விட்டுவிடலாம்.