குன்றல் பகுப்பில் குழப்பமா? சென்ட்ரோமியரை எண்ணுங்கள்

குன்றல் பகுப்பு (விந்தணு, முட்டை உருவாகும்போது நடக்கும் செல் பகுப்பு) படம் போடும்போது பலரும் தடுமாறும் இடம் ஒன்றுதான்: 46 குரோமோசோம் எப்போது 23 ஆகிறது? குரோமாட்டிட்களை (குரோமோசோமின் இழைகளை) எண்ணாதீர்கள், அவை ஒட்டியிருக்கும் புள்ளியான சென்ட்ரோமியரை மட்டும் எண்ணுங்கள். ஒரு சென்ட்ரோமியர் இருந்தால் ஒரு குரோமோசோம், அதில் ஒட்டியிருப்பது ஓர் இழையோ இரண்டோ.

இரண்டு நிறப் பேனா எடுத்து, அப்பாவிடமிருந்து வந்ததை நீலத்திலும் அம்மாவிடமிருந்து வந்ததைச் சிவப்பிலும் வரையுங்கள். முதல் பகுப்பில் ஒவ்வொரு ஜோடியிலும் நீலம் ஒரு பக்கம், சிவப்பு மறுபக்கம், சென்ட்ரோமியர் பிளவுபடாது. எண்ணிக்கை பாதியாவது இங்கேதான். எந்த ஜோடியில் எது எந்தப் பக்கம் போகும் என்பது தற்செயல். இரண்டாம் பகுப்பில் சென்ட்ரோமியர் பிளந்து இழைகள் பிரியும். 23 அப்படியே 23. இழை நுனிகளில் கொஞ்சம் நிறம் மாற்றிப் போட்டுவிடுங்கள், அதுதான் குறுக்கெதிர் மாற்றம், அதாவது ஜோடிக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வது.

குரோமோசோம் பிரியாமை பற்றிய கேள்விக்கும் இதே படம் போதும். முதல் பகுப்பில் ஒரு ஜோடி பிரியாவிட்டால் நான்கு செல்களிலும் எண்ணிக்கை தவறும். இரண்டாவதில் ஒரு செல்லில் மட்டும் தவறினால் மற்ற செல்லிலிருந்து வரும் இரண்டு தப்பிவிடும்.

விந்தணு உருவாகும்போது நான்கும் விந்தணு ஆகும். முட்டை ஒன்றுதான், மற்றவை துருவ உறுப்புகள் எனப்படும் சிறு செல்கள். அந்த முட்டையும் இரண்டாம் பகுப்பை முடிப்பது விந்தணு நுழைந்த பிறகே. படத்தில் இதைத் தனியாகக் குறித்து வையுங்கள், பலர் விட்டுவிடுகிறார்கள்.