லினக்ஸ் கர்னலில் வட்டில் எழுதும்போது வரும் தடுமாற்றத்தைச் சரிசெய்வது எப்படி?

பென்டிரைவுக்கு ஒரு பெரிய படக்கோப்பை நகலெடுக்கும்போது பட்டை சில நொடிகளிலேயே நிறைந்துவிடும். ஆனால் டிரைவைக் கழற்ற முயன்றால் நிமிடக்கணக்கில் காத்திருக்க நேரிடும். நிரல் எழுதும் தரவை, இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னல் முதலில் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, பின்னரே வட்டுக்கு அனுப்புவதுதான் இதற்குக் காரணம். இப்படிக் காத்திருக்கும் நினைவகப் பக்கங்களுக்கு டர்ட்டி பக்கங்கள் என்று பெயர்.

முதலில் நிலைமையைப் பாருங்கள். ப்ராக் அடைவிலுள்ள மெம்இன்ஃபோ கோப்பில் டர்ட்டி (எழுதக் காத்திருப்பது), ரைட்பேக் (இப்போது வட்டுக்கு எழுதப்படுவது) என்னும் இரு வரிகளை, நகலெடுக்கும்போது நொடிக்கொரு முறை கவனித்தால் தேக்கம் ஏறி இறங்குவது தெரியும்.

அடுத்து வரம்புகள். பயன்படுத்தத்தக்க நினைவகத்தில் 10 விழுக்காடு டர்ட்டி பக்கங்களால் நிறைந்ததும் கர்னல் பின்னணியில் எழுதத் தொடங்கும். 20 விழுக்காட்டை நெருங்கும்போது எழுதும் நிரலையே தடுத்து நிறுத்தத் தொடங்கும். இவை கர்னலின் இயல்பு மதிப்புகள். உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வழங்கல்களில் சில இவற்றை மாற்றியிருக்கலாம். 16 ஜிபி நினைவகத்தில் 20 விழுக்காடு ஏறத்தாழ 3.2 ஜிபி. நொடிக்கு 10 எம்பி மட்டுமே எழுதும் பென்டிரைவுக்கு அது ஐந்து நிமிடத்துக்கும் மேலான வேலை. நினைவகம் சிறிதாக இருந்த காலத்தில் பொருந்திய விழுக்காட்டுக் கணக்கு இன்று பொருந்தவில்லை என்பதே என் கருத்து.

ஆகவே வரம்பை பைட்டுகளில் கொடுப்பது நல்லது. ரூட் (நிர்வாகி) உரிமையுடன், கர்னலின் அமைப்புகளை மாற்றும் சிஸ்சிடிஎல் கட்டளையால் டர்ட்டி பேக்ரவுண்ட் பைட்ஸ் மதிப்பை 67108864 (64 எம்பி) என்றும், டர்ட்டி பைட்ஸ் மதிப்பை 268435456 (256 எம்பி) என்றும் அமையுங்கள். முதல் எண் இரண்டாவதைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். பைட்டுகளில் கொடுத்தவுடன் அதற்குரிய விழுக்காட்டு மதிப்பு 0 எனக் காட்டும். பழுதென்று பதற வேண்டாம், இரண்டில் ஒன்றுதான் ஒரு நேரத்தில் செயல்படும்.

இப்போது, தரவை நகலெடுத்து வேகத்தைக் காட்டும் டிடி கட்டளையால் சோதிக்கலாம். தரவு வட்டில் எழுதி முடியும்வரை காத்திருக்கச் செய்யும் எஃப்சிங்க் விருப்பத்தைச் சேர்க்காவிட்டால் வட்டின் வேகம் அல்ல, பெருமளவு நினைவகத்தின் வேகமே அளவாகக் கிடைக்கும். புதியவர்கள் பெரும்பாலும் ஏமாறும் இடம் இது. வட்டின் உச்ச வேகம் இந்த மாற்றத்தால் கூடாது. நீண்ட தேக்கமும் திடீர் உறைவும்தான் குறையும். ஒரே கோப்புப் பகுதியை மீண்டும் மீண்டும் திருத்தும் நிரல்களுக்குப் பெரிய வரம்பே உகந்தது, ஏனெனில் பல திருத்தங்கள் நினைவகத்திலேயே சேர்ந்து ஒரே எழுத்தாக வட்டுக்குச் செல்லும்.

பலன் திருப்தியாக இருந்தால், எட்சி அடைவுக்குள் இருக்கும் சிஸ்சிடிஎல்.டி அடைவில், பெயர் கான்ஃப் என்று முடியும் ஒரு கோப்பை உருவாக்கி மேலே அமைத்த இரு பைட்டு மதிப்புகளையும் எழுதிவையுங்கள். இல்லாவிடில் கணினியை மறுதொடக்கம் செய்ததும் பழைய மதிப்புகளே திரும்பிவிடும்.