நிலம் வாங்குமுன் பத்திரத்தில் இல்லாத ஆளைத் தேடுங்கள்

விற்கிறவர் கையில் பத்திரம் இருக்கிறது, பதிவும் ஆகியிருக்கிறது, அப்புறம் என்ன என்று முன்பணத்தை நீட்டிவிடாதீர்கள். அந்தப் பத்திரம் அவர் வாங்கியதைத்தான் சொல்லும். அவருக்கு விற்றவருக்கு அந்த உரிமை இருந்ததா என்பது வேறு கதை.

முதலில் நிலம் எந்தப் பதிவு முறைக்குள் வருகிறது என்று பாருங்கள். ஆஸ்திரேலியா, மலேசியா, சிங்கப்பூர் போன்ற இடங்களில் டாரன்ஸ் முறை. 1858இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. அங்கே பதிவேட்டில் பெயர் இருந்தால், மோசடி போன்ற சில விலக்குகள் தவிர, அவர்தான் உரிமையாளர். இந்தியாவிலும் அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் பதிவாவது பத்திரம்தான், உரிமைக்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை. இந்த இரண்டாவது வகையில்தான் உங்களுக்கு உண்மையான வேலை.

ஒரு வெள்ளைத்தாளில் இன்றைய உரிமையாளரை மேலே எழுதி, அவருக்கு யார் கொடுத்தார், அவருக்கு யார் கொடுத்தார் என்று கீழே இறங்கிக்கொண்டே போங்கள். எத்தனை வருடம் என்பது ஊருக்கு ஊர் மாறும். என்னைக் கேட்டால் தாய்ப்பத்திரம், அதாவது இந்த உரிமைச் சங்கிலி தொடங்கும் பழைய மூலப் பத்திரம், கிடைக்கிற மட்டும் போகலாம். உதாரணத்துக்கு 1968இல் ஒருவர் வாங்குகிறார், 1994இல் அவருடைய இரண்டு மகன்கள் விற்கிறார்கள், அன்று வாங்கியவர் இன்று உங்களிடம் வருகிறார். வில்லங்கம், அதாவது அந்த நிலத்தின்மேல் பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல், போட்டுப் பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். ஆனால் நடுவில் ஒரு சாவு நடந்திருக்கிறதே! மனைவி இருந்தாரா, மகள்கள் உண்டா, உயில் எழுதினாரா, விற்ற தேதியில் மகன்களில் ஒருவர் மைனரா? இறப்புச் சான்றையும் வாரிசுச் சான்றையும் கேட்டு வாங்கி, அதிலுள்ள ஒவ்வொரு பெயரையும் பத்திரத்தில் உள்ள கையெழுத்துகளோடு ஒத்துப் பாருங்கள். கையெழுத்துப் போடாத அந்த ஒரு மகள்தான் பின்னாளில் வக்கீல் நோட்டீஸாக வந்து நிற்பார், அதில் அவர்மேல் தப்பும் இல்லை.

உரிமையாளருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடும் அதிகாரப் பத்திரமான பவர் வாங்கியவர் விற்றிருந்தால், அந்தத் தேதியில் பவர் கொடுத்தவர் உயிரோடு இருந்தாரா, ரத்து செய்யாமல் இருந்தாரா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பொதுவாகக் கொடுத்தவர் போனால் பவரும் போய்விடும். அடமானம் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீது பதிவாகியிருக்க வேண்டும், “எப்பவோ கட்டிட்டேங்க” என்ற வாய்ச்சொல் போதாது. அசல் தொலைந்துவிட்டது, நகல்தான் இருக்கிறது என்றால் எனக்கு உடனே சந்தேகம் வரும். அசல் எங்காவது கடனுக்கு ஈடாக உட்கார்ந்திருக்கலாம்.

பதிவேட்டில் ஏறாத சங்கதிகளும் உண்டு. வாடகைக்கு இருப்பவர், பல வருடமாக உழுது வருபவர், பக்கத்து நிலத்துக்காரர் நடந்துபோகும் பாதை, நடந்துகொண்டிருக்கும் வழக்கு, வரி பாக்கி. நேரில் போய் நில்லுங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுங்கள். பழைய பத்திரத்தில் “வடக்கே பொதுவழி” என்று இருந்து, புதியதில் அந்த வரி காணாமல் போயிருந்தால், அந்த வழி எங்கே போனது என்று கேளுங்கள். அளவு குறைவதோ கூடுவதோ தெரிந்தால் அளந்து பார்க்காமல் நகராதீர்கள்.

இதையெல்லாம் பார்க்கிற வக்கீல் உங்கள் ஆளாக இருக்கட்டும், விற்பவரோ தரகரோ கூட்டிவந்தவர் வேண்டாம். அப்புறம், ஒருமுறை தேடியதோடு விடாமல் பதிவுக்கு முதல் நாள் இன்னொரு முறை தேடுங்கள்; நீங்கள் முன்பணம் கொடுத்த பிறகும் அதே நிலத்தின்மேல் ஒரு அடமானம் ஏறியிருக்கலாம்.