‘வெக்கேட்’ என்று கடிதம் வந்தால்: கொழும்புக்குப் புதிதாக வருபவர்களுக்கு

வெள்ளவத்தையில் நான் முதன்முதலில் எடுத்த அனெக்ஸில் ஐந்தாவது மாதம் ஒரு கடிதம் வந்தது. ஒரே பக்கம், முழுக்க இங்கிலீஷ். ‘கைண்ட்லி ரிக்வெஸ்டட் டு வெக்கேட்’ என்ற நான்கு சொல்லைப் பார்த்ததும் எனக்கும் அறைத் தோழனுக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்றிரவே பெட்டி கட்டிவிட்டோம். மறுநாள் லொறி பேசப் போகும்போது, கீழ் வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற சட்டத்தரணி அங்கிள் கடிதத்தை வாங்கிப் படித்தார்.

“தம்பி, இதில ஆர் ஆரை என்ன செய்யினம் எண்டு முதல்ல பாரும். வெக்கேட் பண்ணுறது நீர்தான். அவர் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். ஒப்பந்தத்தில எத்தனை மாத நோட்டீஸ் எண்டு போட்டிருக்கு?”

இரண்டு மாதம் என்று போட்டிருந்தது. கட்டிய பெட்டியை அவிழ்த்தோம்.

யாழ்ப்பாணத்திலிருந்தோ, மட்டக்களப்பிலிருந்தோ, சென்னையிலிருந்தோ கொழும்புக்கு வருகிறவர்களுக்கு வீடு தேடுவது, பஸ் நம்பர் படிப்பது எல்லாம் யாராவது சொல்லிக் கொடுப்பார்கள். ‘வெளியே போ’ என்பதற்கு இங்கிலீஷில் எத்தனை சொல் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாருக்கு என்ன அதிகாரம் என்பதை யாரும் சொல்வதில்லை. தமிழில் எல்லாவற்றையும் ‘வெளியேற்றம்’, ‘நீக்கம்’ என்று இரண்டு சொல்லுக்குள் அடக்கிவிடுகிறோம். பயம் அங்கேதான் தொடங்குகிறது.

வீட்டு விஷயத்தையே எடுப்போம். ‘வெக்கேட்’ என்றால் காலி செய்வது, செய்பவர் நீங்கள். ‘நோட்டீஸ் டு குவிட்’ என்றால் வாடகை உறவை முடித்துக்கொள்கிறேன் என்று வீட்டுக்காரர் தரும் அறிவிப்பு. அதற்குப் பிறகும் நீங்கள் இருந்தால் அவர் வழக்குப் போடலாம். அந்த வழக்குக்குத்தான் இங்கே ‘இஜெக்ட்மென்ட்’ என்று பெயர். ‘எவிக்ட்’ கடைசிப் படி. அந்தச் சொல் லத்தீனில் ‘வெல்வது’ என்ற வினையிலிருந்து வந்தது. வழக்கில் வென்று மீட்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்புக்குப் பிறகு, நீதிமன்றக் கட்டளையோடு, அதை நிறைவேற்றும் பிஸ்கல் அதிகாரி வந்து செய்வது அது. வீட்டுக்காரர் பூட்டை மாற்றுவதும், கரண்டை வெட்டுவதும், உங்கள் சாமான்களைத் தெருவில் வைப்பதும் எவிக்ட் பண்ணுவது ஆகாது. அப்படி நடந்தால் படம் எடுத்து வைத்துக்கொண்டு பொலிஸில் முறைப்பாடு போடுங்கள்.

அதற்காக இழுத்தடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தை நம்பி வருடக்கணக்கில் இருந்த காலத்துக் கதைகளை யாராவது சொல்வார்கள். குத்தகைக்குக் கொடுத்த இடத்தை உரிமையாளர் வேகமாக மீட்பதற்கென்றே 2023இல் தனிச் சட்டம் வந்துவிட்டது. ஒப்பந்தம் முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ‘குவிட் நோட்டீஸ்’ என்ற சொல் அரசாங்கக் காணியில் இருப்பவருக்கு வந்தால் அதன் எடையே வேறு. அது 1979ஆம் ஆண்டின் அரச காணிகளை மீட்கும் சட்டத்தின் கீழ் வருவது. குறைந்தது 30 நாள் தருவார்கள். பிறகு நீதவான் நீதிமன்றத்துக்குப் போனால் உங்களிடம் செல்லுபடியாகும் எழுத்து அனுமதி இருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி. எத்தனை வருடம் இருந்தீர்கள் என்பது அங்கே எடுபடாது. இந்தக் கடிதம் வந்தால் அன்றே சட்டத்தரணியைப் பாருங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். ‘டிஸ்மிஸ்’ என்றால் உங்கள் மேல் குற்றம் வைத்து நீக்குவது. ‘டெர்மினேட்’ பொதுவான சொல், வேலையை முடிப்பது. ‘ரிட்ரென்ச்’ ஆட்குறைப்பு. ‘இன்டர்டிக்ட்’ என்பதை அரச அலுவலகங்களில் அதிகம் கேட்பீர்கள். அது நீக்கமே இல்லை, விசாரணை முடியும்வரை இடைநிறுத்தம். பேப்பரில் ‘இன்டர்டிக்டட்’ என்று பார்த்துவிட்டு அவர் வேலை போய்விட்டது என்று பேசுகிறவர்கள் நிறைய.

என்னை மிகவும் உறுத்துவது ‘வெக்கேஷன் ஒஃப் போஸ்ட்’. சொல்லாமல் சில நாள் வராமல் இருந்தால், நீங்களாகவே பதவியை விட்டுப் போய்விட்டதாகக் கருதுகிறோம் என்று கடிதம் வரும். என் நண்பன் ஒருவன் அம்மாவின் சத்திரசிகிச்சைக்காக ஊருக்குப் போயிருந்தான். லீவு கேட்டது போனில் மட்டும். திரும்பி வந்தபோது மேசையில் அந்தக் கடிதம் இருந்தது. நீக்கியது கம்பனி, ஆனால் வாக்கியத்தில் எழுவாய் அவன். அதனால் லீவை ஈமெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தில் கேளுங்கள். அப்படிக் கடிதம் வந்தால் ‘நான் பதவியை விடவில்லை’ என்று உடனே எழுத்தில் பதில் கொடுங்கள்.

‘ரிசைன் பண்ணிவிடுங்கள், உங்களுக்கு நல்லது’ என்று சொன்னாலும் அப்படித்தான். அந்த மேசையிலேயே கையெழுத்துப் போடாதீர்கள். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தனியார் நிறுவனத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதற்கு அவருடைய எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். 1971ஆம் ஆண்டின் சட்டம் அது. உங்கள் ராஜினாமாக் கடிதம் அந்தப் பாதுகாப்பையே உங்கள் கையால் கழற்றிவிடும். நிறுத்திவிட்டார்கள் என்றால் முறையிட ஆறு மாதம்தான் அவகாசம். நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களம் இருக்கிறது. தமிழில் பேசலாமா என்று தயங்காமல் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு விசாவில் ‘ரிமூவல்’, ‘டிப்போர்ட்டேஷன்’ என்று இரண்டு சொல். நாம் இரண்டையும் நாடுகடத்தல் என்போம், சட்டம் இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறது. விசா முடிவதற்கு முன்பே பத்தரமுல்லைக் குடிவரவுத் திணைக்களத்துக்குப் போய்விட்டால் இரண்டும் தேவைப்படாது.

கடைசியாக ‘எக்ஸ்பெல்’. இது வீட்டுக்கோ வேலைக்கோ உரிய சொல் அல்ல, துரத்துவது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களைத் துரத்தியதற்கு இங்கிலீஷில் ‘எக்ஸ்பல்ஷன்’ என்றுதான் எழுதுகிறார்கள். அப்படித் துரத்தப்பட்டுப் புத்தளத்தில் வளர்ந்த பிள்ளைகள் சிலர் இன்று கொழும்பில் உங்களோடு வேலை செய்வார்கள். அவர்களிடம் ‘இடம்பெயர்ந்தீர்களா’ என்று கேட்டுவிடாதீர்கள். அது அவர்களாகக் கிளம்பியது போல ஆகிவிடும்.

2007 ஜூன் 7 அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த 370க்கும் மேற்பட்ட தமிழர்களைப் பொலிஸார் எழுப்பி பஸ்களில் ஏற்றி வடக்கு, கிழக்குப் பக்கம் அனுப்பினார்கள். பேப்பர்களில் ‘எவிக்ஷன்’ என்றும் வந்தது. வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை, நோட்டீஸும் இல்லை. சாமான் கட்டுவதற்குப் போதிய நேரம்கூடக் கொடுக்காமல் நடந்ததற்கு அந்தச் சொல் எப்படிப் பொருந்தும்? மறுநாளே உயர் நீதிமன்றம் (சுப்ரீம் கோர்ட்) இடைக்காலத் தடை போட்டது. சில நாட்களில் அன்றைய பிரதமரே வருத்தம் தெரிவித்தார்.