போன் ஓயாமல் ரீஸ்டார்ட் ஆகிறதா?

நிறுவனச் சின்னம் வரை வந்து மறுபடி அணைகிற ஆண்ட்ராய்டு போனோடு உடனே சென்னை ரிச்சி தெருவின் பழுதுபார்க்கும் கடைகளுக்குக் கிளம்ப வேண்டாம். முதலில் கவர், சிம், மெமரி கார்டைக் கழற்றுங்கள். இறுக்கமான கவர் பவர் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தாலும் இதே கூத்துதான்!

அரை மணி நேரம் சார்ஜ் ஏற்றியபின், பவர் பொத்தானையும் ஒலியைக் கூட்டும் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் பல போன்களில் 'ரெக்கவரி' என்கிற, பழுது நீக்க உதவும் பட்டியல் வரும். சில சாம்சங் மாடல்களைக் கேபிளால் கணினியோடு இணைத்திருக்க வேண்டும். அதில் 'வைப் கேஷ் பார்ட்டிஷன்' இருந்தால் தேர்ந்தெடுங்கள்; தற்காலிகக் கோப்புகள் மட்டுமே அழியும், படங்களுக்கு ஆபத்தில்லை. 'ஃபேக்டரி ரீசெட்' எல்லாவற்றையும் துடைத்துவிடும். பிறகு பழைய கூகுள் கணக்கின் கடவுச்சொல்லையும் கேட்கும். அது நினைவிருந்தால் மட்டும் கை வையுங்கள்.

மழையில் நனைந்த போனா? சார்ஜே ஏற்றாதீர்கள், அதற்குக் கடைதான்.