சியோலிலிருந்து ஒரு சனிக்கிழமை: கங்நுங் கடற்கரைக்குப் போய்வரும் முறை

கொரியாவுக்கு வந்த புதிதில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். சனிக்கிழமை அரண்மனை, ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பது. ஐந்தாவது வாரம் கடல் நினைவு வந்துவிட்டது. கேட்டவர்கள் எல்லாம் பூசானைக் கை காட்டினார்கள். பூசான் அருமையான ஊர்தான். ஆனால் சியோலிலிருந்து காலையில் கிளம்பி இரவே திரும்பினால் அங்கே பார்த்தது பாதி, ரயிலில் உட்கார்ந்திருந்தது பாதி என்றாகிவிடும். முதல் தடவைக்கு என் பரிந்துரை கிழக்குக் கரையில் இருக்கும் கங்நுங். ரயிலில் இரண்டு மணி நேரம். ஊரும் ஒரு நாளில் சுற்றி முடிக்கும் அளவுதான்.

பெயரிலேயே ஒரு சிக்கல் உண்டு. கொரிய எழுத்தில் 'கங்ருங்' என்று எழுதியிருக்கும், வாசிப்பது 'கங்நுங்'. பள்ளியில் கல் + மலை = கன்மலை என்று புணர்ச்சி படித்தவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. முன்னால் வரும் மெல்லின ஒலிக்கு 'ர' வளைந்துகொடுக்கிறது, அவ்வளவுதான். டிக்கெட் கவுண்டரில் எழுத்தைக் கூட்டிப் படித்து 'கங்ருங்' என்று சொன்னால் புரியும், ஒரு சிரிப்பும் கிடைக்கும்.

முதல் வேலை: டிக்கெட், அதுவும் இரண்டு

கங்நுங்குக்கு கேடிஎக்ஸ் என்னும் அதிவேக ரயில் 2017 டிசம்பரில் வந்தது. 2018 குளிர்கால ஒலிம்பிக்கின் பனிச்சறுக்குப் போட்டிகள் பியோங்சாங் மலைகளிலும், ஐஸ் ஹாக்கி போன்ற உறைபனி அரங்கப் போட்டிகள் கங்நுங்கிலும் நடந்தன. அந்தப் புண்ணியத்தில் நமக்குப் பாதை கிடைத்தது. சியோல் நிலையத்திலும் ஏறலாம், சொங்ஞாங்னி நிலையத்திலும் ஏறலாம். நகரின் கிழக்குப் பக்கம் குடியிருந்தால் சொங்ஞாங்னிதான் வசதி, அரை மணி நேரம் மிச்சம். சாதாரண வகுப்பில் ஒரு வழிக் கட்டணம் 30,000 வோனுக்குள் அடங்கும்.

டிக்கெட்டை கொரிய ரயில் நிறுவனமான கொரெயிலின் செயலியிலோ இணையதளத்திலோ எடுக்கலாம். ஒரு மாதம் முன்பே முன்பதிவு திறந்துவிடும். காலை ஏழு மணியை ஒட்டிய ரயிலாகப் பாருங்கள், ஒன்பது மணி வாக்கில் இறங்கிவிடலாம். திரும்பும் டிக்கெட்டையும் அப்போதே எடுத்துவிடுங்கள். 'அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று முதல் முறை நான் சும்மா போனேன். மாலையில் எல்லா ரயிலும் நிரம்பியிருந்தது. கிடைத்தது 'இப்சொக்', அதாவது நின்றுகொண்டு வரும் டிக்கெட். கதவோரமாக இரண்டு மணி நேரம் நின்றேன். பக்கத்தில் நின்ற பெரியவரின் பையில் காய்ந்த கணவாய். கருவாட்டு வாடை நமக்குப் புதிதில்லை என்பதால் அவருக்கு நல்ல துணை கிடைத்தது.

பஸ்ஸும் உண்டு, விலை குறைவு. ஆனால் வார இறுதியில் நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டினால் கடற்கரைக்கான நேரத்தைச் சாலையே தின்றுவிடும். ரயிலில் மலைக்காட்சி பார்க்கலாம் என்று ஜன்னலோரத்துக்குச் சண்டை போடாதீர்கள். தேபெக் மலைத்தொடரை ரயில் சுமார் 22 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்தில்தான் கடக்கிறது. கண்ணாடியில் உங்கள் முகம்தான் தெரியும்.

இரண்டாவது: கைப்பையில் என்ன வேண்டும்

டி-மணி கார்டு. சியோல் மெட்ரோவுக்கு வைத்திருக்கும் அதே கார்டு கங்நுங் பஸ்ஸிலும் செல்லும். ஏறும்போதும் இறங்கும்போதும் தொட்டுக் காட்டுங்கள். முந்தின நாளே ஏதாவது சிறு கடையில் ரொக்கம் கொடுத்து நிரப்பிக்கொள்வது நல்லது.

நேவர் மேப் அல்லது காக்காவோ மேப். துல்லியமான வரைபடத் தரவை நாட்டுக்கு வெளியே எடுத்துப்போகக் கொரிய அரசு நெடுங்காலம் இடம் கொடுக்காததால் கூகுள் மேப்ஸ் இங்கே அரைகுறையாகத்தான் பழகியிருக்கிறது. பஸ் எண்களை நான் இங்கே எழுதப் போவதில்லை, அவை மாறும். மேப்பில் பார்த்து ஏறுங்கள்.

காற்றுத் தடுக்கும் ஒரு மேலங்கி. மலைக்கு அந்தப் பக்கம் சியோலில் ஒரு வானிலை, இந்தப் பக்கம் இன்னொன்று. அங்கே வெயில் அடிக்கும் நாளில் இங்கே முழங்கால் அளவு பனி கிடக்கும். வசந்த காலத்தில் மலையிலிருந்து கடலை நோக்கி இறங்கும் வறண்ட காற்று பொல்லாதது. 2023 ஏப்ரலில் அந்தக் காற்றில்தான் தீ பரவி கங்நுங்கின் கியொங்போ கடற்கரைப் பக்கத்துப் பைன் காடும் வீடுகளும் எரிந்தன.

கடைசியாக, ஒரு 5,000 வோன் நோட்டு, ஒரு 50,000 வோன் நோட்டு. இவற்றைச் செலவழிக்க அல்ல. ஏன் என்று அடுத்த நிறுத்தத்தில் தெரியும்.

மூன்றாவது: ஓஜுகொன், அம்மாவும் மகனும்

நிலையத்தில் இறங்கியதும் நேரே கடலுக்கு ஓடாதீர்கள். கடல் எங்கும் போய்விடாது. பஸ்ஸிலோ டாக்ஸியிலோ வடமேற்கே ஓஜுகொன் போங்கள், டாக்ஸியில் பத்து நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். நான் போனபோது நுழைவுக் கட்டணம் 3,000 வோன். அதற்கு அந்த 5,000 நோட்டை நீட்டிவிடாதீர்கள், உள்ளே தேவைப்படும்.

ஓஜுகொன் என்றால் கருமூங்கில் வீடு. 1536இல் இங்கே பிறந்தவர் கொரியாவின் பெரும் கன்பூசிய அறிஞர்களில் ஒருவர். அவர் பெயர் 'ஈ ஈ'. முதல் ஈ குடும்பப் பெயர், இரண்டாவது ஈ அவருடைய பெயர். யுல்கோக் என்ற புனைபெயரால்தான் அவரைப் பெரும்பாலும் சொல்கிறார்கள். அவருடைய தாய் ஷின் சாயிம்தாங், ஓவியர். கடலிலிருந்து டிராகன் வந்ததாக அவர் கனாக் கண்டு மகனைப் பெற்றார் என்பது கதை. அந்த அறைக்கே 'டிராகன் கனவு அறை' என்று பெயர்.

இப்போது 5,000 நோட்டை எடுங்கள். முன்பக்கம் மகன், பக்கத்தில் நீங்கள் நிற்கும் இதே வீடு. திருப்புங்கள்: தர்ப்பூசணிக் கொடியும் கோழிக்கொண்டைப் பூவும். தாய் வரைந்ததாகச் சொல்லப்படும் ஓவியம் அது. பூச்சி, பூ, கொல்லைக் காய் என்று வீட்டைச் சுற்றிக் கிடந்ததைத்தான் அவர் வரைந்தார். 50,000 நோட்டில் தாயே இருக்கிறார், அந்த நோட்டு 2009இல் வெளிவந்தது. கொரிய மத்திய வங்கியின் கணக்குப்படி அம்மாவின் மதிப்பு மகனைப்போலப் பத்து மடங்கு. எனக்கு இதில் ஆட்சேபம் இல்லை.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மூங்கிலை விட்டுவிடாதீர்கள். எல்லாத் தண்டும் கறுப்பாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். அப்படியில்லை. இளந்தண்டு சாதாரணப் பச்சை, வயது ஏற ஏறத்தான் புள்ளி புள்ளியாகக் கறுத்து, கடைசியில் மையில் தோய்த்தது போல் ஆகிறது. ஒரே புதரில் மூன்று பருவத்தையும் பார்க்கலாம். ஒரு மணி நேரம் இங்கே போதும்.

நான்காவது: ஏரி, பிறகு கடல்

ஓஜுகொன்னிலிருந்து கியொங்போதே மண்டபம் ஒரு சிறு பஸ் பயணம், நடக்கவும் முடியும். மேட்டில் நிற்கும் திறந்த மண்டபம், கீழே ஏரி, ஏரிக்கு அப்பால் கடல். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி மரத்தரையில் உட்காருங்கள். பௌர்ணமி இரவில் இங்கே ஐந்து நிலா தெரியும் என்பார்கள்: வானத்தில், கடலில், ஏரியில், மதுக் கிண்ணத்தில், எதிரே இருக்கும் அன்புக்குரியவரின் கண்ணில். பகலில் போகும் நமக்கு ஒன்றும் கிடையாது, காற்று மட்டும்தான். அதுவே போதுமானது.

ஏரியைச் சுற்றும் பாதை நான்கு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். முழுச் சுற்று வேண்டாம். ஒரு கரையோரமாகவே நடந்தால் கியொங்போ கடற்கரை வந்துவிடும். கால் வலித்தால் வாடகை சைக்கிள் கிடைக்கும். மணலும் கடலும் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஒன்று மட்டும்: நீச்சலுக்கு அனுமதியும் காவலர்களும் இருப்பது கோடை மாதங்களில்தான். மற்ற நாட்களில் முழங்காலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இந்தக் கரையில் ஆழம் சட்டென்று இறங்கும்.

ஐந்தாவது: சோதாங்கில் சாப்பாடு

கடற்கரையின் தென்கோடியில் கங்முன், அதற்குள்ளே தள்ளி சோதாங் கிராமம். ஊர் முழுக்க டோஃபு, அதாவது சோயாப் பாலைத் திரித்துச் செய்யும் கட்டி, விற்கும் கடைகள். 'சோதாங்' என்பது 16ஆம் நூற்றாண்டு அதிகாரி ஹொ யொப்பின் புனைபெயர். உப்புக்குப் பதிலாகக் கடல்நீரை விட்டு சோயாப் பாலைத் திரிய வைத்தவர் அவர்தான் என்று ஊரார் சொல்வார்கள். கதை எப்படியோ, கடல்நீரில் திரிய வைக்கும் முறைக்குத்தான் இந்த ஊர் பேர்போனது.

கேட்க வேண்டியது 'சுந்துபு', அதாவது மென்மையான டோஃபு. சியோலில் சிவப்பாகக் கொதித்துக்கொண்டு வருமே, அது இல்லை. இங்கே வெள்ளைவெளேரென்று ஒரு கிண்ணத்தில் வரும். முதல் கரண்டியை எதையும் சேர்க்காமல் வாயில் போடுங்கள். இளநீர்க் காயின் வழுக்கையை வெதுவெதுப்பாகச் சாப்பிட்டது போல் நழுவும், பிறகு மெதுவாக ஒரு உப்பு வரும். அதன்பின் பக்கத்தில் வைத்திருக்கும் சோயா சாற்றைக் கொஞ்சம் விட்டுக்கொள்ளலாம். சோறும் நாலைந்து தொடுகறிகளும் கூடவே வரும்.

சைவக்காரர்களுக்கு: வெள்ளை சுந்துபுவில் இறைச்சி இல்லை. ஆனால் கிம்ச்சியில் மீன் சாறோ இறால் உப்போ இருக்கும், கூட வரும் சூப்பில் நெத்திலி கொதித்திருக்கலாம். கண்டிப்பாக இருப்பவர்கள் டோஃபு, சோறு, சோயா சாறு என்று முடித்துக்கொள்வது நல்லது. வாசலில் படம் போட்டு விற்கும் சிவப்பு வகையில் பெரும்பாலும் கடலுணவு சேர்ந்திருக்கும்.

நேரம் முக்கியம். பதினொன்றரைக்குள் போய்விடுங்கள். ஒருமுறை ஏரிக்கரையில் சோம்பிக் கிடந்துவிட்டு மூன்று மணிக்குப் போனேன். கதவில் ஒரு தாள்: 'ஜெரியோ சோஜின்'. பொருள் தீர்ந்தது என்று அர்த்தம். அன்றைக்கு அரைத்தது முடிந்தால் அன்றைய வியாபாரமும் முடிந்தது. அந்த நான்கு கொரிய எழுத்துகளின் வடிவத்தை இணையத்தில் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், வரிசையில் வீணாக நிற்க வேண்டியிருக்காது.

சாப்பிட்டதும் பக்கத்திலேயே ஹொ யொப்பின் பிள்ளைகளுக்கான நினைவுப் பூங்கா, கட்டணம் இல்லை. மகள் ஹொ நான்சொல்ஹொன் கவிஞர், 1563இல் பிறந்து 1589இல் மறைந்தார். தன் கவிதைகளை எரித்துவிடச் சொல்லிவிட்டுத்தான் போனார். தம்பி ஹொ கியுன் மிஞ்சியதையும் தன் நினைவில் இருந்ததையும் திரட்டி, மிங் வம்சம் ஆண்ட சீனத்திலிருந்து வந்த தூதரிடம் கொடுத்தார். சொந்த நாட்டில் அடங்கிக் கிடந்த பெண்ணின் கவிதைகள் சீனாவில் அச்சேறிப் புகழ் பெற்றன. பூங்காவின் பைன் மரங்களுக்கிடையே பெஞ்சுகள் உண்டு. இருபது நிமிடம் உட்கார்ந்து எழுந்தால் டோஃபுவும் செரித்திருக்கும்.

ஆறாவது: பைன் காட்டு வழியே அன்மோக்

நாளின் சிறந்த பகுதி இதுதான், டாக்ஸி பிடித்துக் கெடுத்துவிடாதீர்கள். கங்முன்னிலிருந்து தெற்கே அன்மோக் வரை கடலை ஒட்டி ஒரு பைன் தோப்பு ஓடுகிறது. நிதானமாக நடந்தால் ஒரு மணி நேரம். நம் நெய்தல் பாட்டில் புன்னையும் தாழையும் நிற்கும் இடத்தில் இங்கே கருந்தண்டுப் பைன் நிற்கிறது. உள்ளே ஊசியிலை மெத்தை, காலடிச் சத்தமே கேட்காது. அலைச் சத்தம் மட்டும் இடது பக்கமாகக் கூடவே வரும்.

அன்மோக்கில் காட்சி மாறிவிடும். வரிசையாக, மாடி மாடியாகக் காபிக் கடைகள். இவை வருவதற்கு முன்னால் இங்கே நின்றவை காசு போட்டால் காபி கொட்டும் இயந்திரங்கள். ஜோடிகள் காகிதக் குவளையோடு கடல் பார்க்க வருவார்களாம். அந்தப் பழக்கம் ஊருக்கே தொழிலாகி, 2009 முதல் காபித் திருவிழாவும் நடக்கிறது. டிகிரி காபியில் வளர்ந்த நாக்குக்கு எச்சரிக்கை: இங்கே பெருமையாகத் தருவது பாலில்லாத, சற்றுப் புளிக்கும் சொட்டுக் காபி. பழகாதவர்கள் லாத்தே கேளுங்கள். எந்தக் கடை என்பதைவிட எந்த மாடி என்பதே முக்கியம், மேலே போய்க் கடலைப் பார்த்து உட்காருங்கள். இது கிழக்குக் கரை, சூரியன் மலைப் பக்கம்தான் இறங்கும். கடலில் அஸ்தமனத்துக்குக் காத்திருந்தால் ரயில்தான் தவறும்.

விட்டுவிட வேண்டியவை

தெற்கே ஜொங்தொங்ஜின் நிலையம் கடலை ஒட்டியே இருக்கிறது. வடக்கே ஜுமுன்ஜின் பக்கம் பிடிஎஸ் குழுவின் ஆல்பத்துக்குப் படம் பிடித்த பஸ் நிறுத்தம், ரசிகர்கள் வரிசையில் நிற்பார்கள். இரண்டும் நல்ல இடங்கள், இரண்டும் எதிரெதிர் திசை. ஒன்றைச் சேர்த்தாலும் மேலே சொன்னதில் பாதி போய்விடும்.

ஏழாவது: சந்தை, பிறகு ரயில்

அன்மோக்கிலிருந்து பஸ் ஏறி ஜுங்ஆங் சந்தையில் இறங்குங்கள். அங்கிருந்து நிலையம் நடக்கும் தூரம்தான். காங்வொன் மாகாணம் உருளைக்கிழங்கு நாடு. 'காம்ஜா ஓங்சிமி' என்று துருவிய உருளைக்கிழங்கை உருட்டிக் குழம்பில் போட்டுத் தருவார்கள், குளிர்நாளுக்கு ஏற்றது. அவசரமாக இருந்தால் இனிப்புக் காரப் பாகில் புரட்டிய பொரித்த கோழி, 'தக்காங்ஜொங்'. ரயிலுக்கு எடுத்துப்போக 'போஜாங்ஹே ஜுசேயோ' என்று கேளுங்கள். பெட்டியின் மூடியை நன்றாக அழுத்தித் தரச் சொல்லுங்கள். மூடி லேசாகத் திறந்திருந்தாலும் ரயில் பெட்டி முழுக்க மணந்து, சுரங்கம் முடிவதற்குள் எல்லோரும் உங்களைத் திரும்பிப் பார்த்துவிடுவார்கள்.