கற்பனை விமானந்தாங்கிக் கப்பல் மாடல்: புதியவர்கள் கோட்டை விடும் இடங்கள்

அறிவியல் கண்காட்சி என்றால் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பள்ளிகளில் எரிமலைக்கும் ராக்கெட்டுக்கும் நடுவே ஒரு விமானந்தாங்கிக் கப்பலையும் பார்க்கலாம். இருக்கிற கப்பலைச் செய்தால் தப்புக் கண்டுபிடிக்க ஆள் வரும், 2060-ல் வரப்போகும் கப்பல் என்று பலகை வைத்துவிட்டால் கேள்வியே வராது என்ற நம்பிக்கையில்தான் பலர் ஆரம்பிக்கிறார்கள். சிக்கலும் அங்கேயே ஆரம்பிக்கிறது. பசை கையில் ஒட்டுவது, கத்தி வழுக்குவது எல்லாம் செய்யச் செய்யச் சரியாகிவிடும். அவற்றைப் பற்றி இங்கே பேச்சில்லை.

விகிதம் முடிவாகும் முன்பே அட்டையை வெட்டுவது

எரிச்சலூட்டும் தவறு இதுதான். இதில்தான் காசும் அதிகம் போகிறது.

நடப்பது எப்போதும் ஒரே மாதிரிதான். ஃபிளெக்ஸ் கடையில் 5 மி.மீ. சன்போர்டு (கத்தியால் வெட்டக்கூடிய பிளாஸ்டிக் நுரைப் பலகை) வாங்கி, மேசைக்குப் பொருந்துகிற மாதிரி மூன்றடி நீளத்துக்குக் கப்பலை வெட்டிவிடுவார்கள். அகலம் கண் மதிப்பு. பிறகு ஃபேன்ஸி ஸ்டோரில் பொம்மை விமானங்கள் ஆறு வருகின்றன. அவை தளத்தில் அடங்காததால் இரண்டை எடுத்துவிட்டு, மீதி நான்குக்கு ஏற்ப, கீழ்க்கூடத்திலிருந்து விமானத்தை மேல்தளத்துக்கு ஏற்றும் லிஃப்டைப் பெரிதாக்குவார்கள். லிஃப்டுக்கு ஏற்பக் கட்டுப்பாட்டுக் கோபுரம், கோபுரத்துக்கு ஏற்பக் கதவு. கடைசியில் ஒரே கப்பலில் நான்கு விகிதங்கள்.

கணக்குப் போட்டால் புரியும். கப்பல் மாடல்களில் அதிகம் புழங்கும் விகிதங்கள் 1:350, 1:700. உங்கள் கற்பனைக் கப்பல் 330 மீட்டர் நீளம் என்றால் 1:350-ல் 94 செ.மீ. வரும். கப்பலில் இறங்கும் போர் விமானமான ரஃபேல் எம் 15.3 மீட்டர், அதே விகிதத்தில் 4.4 செ.மீ.தான். கடையில் கிடைக்கும் பொம்மை பத்தரை செ.மீ. இருந்தால், அந்தக் கப்பலின் மேல் அது 37 மீட்டர் விமானம். கோபுரத்தில் ஒன்றரை செ.மீ. உயரத்துக்குக் கதவு வெட்டினால், அது ஐந்தே கால் மீட்டர் கதவு. ஆள் உயரமே 5 மி.மீ.தான். கப்பல் கற்பனையாக இருக்கலாம். மனிதனும் கதவும் கைப்பிடிக் கம்பியும் கற்பனை இல்லை. பார்ப்பவர் கண் இவற்றை வைத்துத்தான் கப்பலை அளக்கிறது. கதவு பெரிதானால் 330 மீட்டர் கப்பல் படகாகத் தெரியும்.

பாதியில் கண்டுபிடித்தாலும் சரிசெய்ய முடியாது. விமானத்தை மட்டும் மாற்றினால் லிஃப்ட் பெரிதாக நிற்கும். லிஃப்டைச் சுருக்கினால் பக்கச் சுவரில் வெட்டிய திறப்பு பல்லிளிக்கும். சுவரை மாற்றினால் பெயின்ட், ஓடுபாதைக் கோடு, உள்ளே ஒட்டிய எல்.இ.டி. எல்லாம் போகும். கிருஷ்ணகிரியில் ஒரு மாணவர் குழு கண்காட்சிக்கு முந்தின இரவு இப்படித்தான் தளத்தையே பிய்த்துப் போட்டது.

செய்ய வேண்டிய வரிசை தலைகீழானது. முதலில் விமானம். அதன் நீளம், இறக்கை அகலம் இரண்டையும் விகிதத்தால் வகுத்துக் காகிதத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். ரஃபேல் எம்மின் இறக்கை மடங்காது. 10.9 மீட்டர் அகலம் 1:350-ல் 3.1 செ.மீ.; லிஃப்ட் அதைவிட அரை செ.மீ.யாவது கூடுதலாக வேண்டும். இன்னொரு கப்பல் போர் விமானமான மிக்-29கே இறக்கையை மடக்கும், அதற்கு இடம் குறைவு. ஆளில்லா விமானம் என்றாலும் அளவை முதலிலேயே முடிவு செய்து எழுதிவையுங்கள். பிறகு கிராஃப் தாளில் தளத்தை முழு அளவில் வரைந்து, காகித விமானத்தைக் கீழ்க்கூடத்திலிருந்து லிஃப்ட், லிஃப்டிலிருந்து ஓடுபாதை என்று தள்ளிப் பாருங்கள். எங்கேயும் முட்டவில்லை என்றால் சன்போர்டை வெட்டலாம். தாளின் மூலையில் '1 மி.மீ. = 35 செ.மீ.' என்று எழுதி வைத்தால் பாதித் தவறு குறையும்.

விமானங்களைக் கடையில் தேடாதீர்கள். 1 மி.மீ. பிளாஸ்டிக் தாளை அடுக்கி ஒட்டி உப்புத்தாளில் தேய்த்தாலே 4 செ.மீ. விமானம் வந்துவிடும்.

மேல்தளத்தின் அகலத்தையே அடிப்பகுதிக்கும் கொடுப்பது

அமெரிக்காவின் ஜெரால்டு ஃபோர்டு விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளம் 78 மீட்டர் அகலம், நீர்மட்டத்தில் அதன் அகலம் 41 மீட்டர். ஏறக்குறைய பாதி. இரண்டையும் ஒன்றாக்கினால் செருப்புப் பெட்டி.

ஏவும் முறையைக் குழப்புவது

முன்முனையில் மேல்நோக்கி வளைந்த சரிவு, அதன் மேலேயே மின்காந்த ஏவுதளம் (விமானத்தை மின்காந்த விசையால் இழுத்து வீசும் தடம்). இப்படி ஒரு மாடலில் இரண்டையும் பார்க்கிறோம். இந்தியாவின் விக்ராந்த் கப்பலில் சரிவு உண்டு, ஏவுதளம் கிடையாது. ஃபோர்டில் மின்காந்த ஏவுதளம், தளம் தட்டை. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஏவுதளம் என்றால் அதன் நீளம் ஏறத்தாழ 90 மீட்டர். 1:350-ல் 26 செ.மீ. பத்து செ.மீ. கோடு போட்டுவிட்டு ஏவுதளம் என்று சொல்லக் கூடாது. ஏவும் விமானத்துக்குப் பின்னால் அனல் தடுப்புப் பலகையும் வேண்டும்.

இறங்கும் பாதை பின்பக்க வலதிலிருந்து முன்பக்க இடதுக்குச் சாய்ந்து போகும். கோபுரம் வலப்பக்கம். இதைத் தலைகீழாக வரைபவர்கள் ஏராளம். அணுசக்திக் கப்பல் என்று எழுதிவிட்டுப் புகைபோக்கி வைப்பதும் அதே ரகம்.

ஓடுபாதையில் பீரங்கி

வேண்டாம்.

தளத்துக்கு முரட்டு உப்புத்தாள் ஒட்டுவது

80 எண் தாளின் மணல் சுமார் 0.2 மி.மீ. 1:350-ல் அது 7 செ.மீ. கல். தார் போடாத ஜல்லி ரோடு மாதிரி இருக்கும். 400 எண் தாள் போதும். அதைவிட மேட் சாம்பல் பெயின்ட் நல்லது. பளபளப்பான பெயின்ட் எந்தக் கப்பலையும் பொம்மையாக்கிவிடும்.

தெர்மாகோல் மேல் நேரடியாக ஸ்பிரே

கரையும். ஃபெவிக்விக்கும் அரிக்கும்.

ஹாட் குளூவை நம்பி வெயிலில் விடுவது

மே மாதம் மூடிய காருக்குள்ளும் தகரக் கூரைக்குக் கீழும் ஹாட் குளூ இளகிவிடும். தளம் நடுவில் தொய்ந்தால் திரும்ப நேராகாது. 94 செ.மீ. நீளத் தளத்துக்கு அடியில் நீளவாக்கில் இரண்டு விலா (தாங்கு பட்டை), குறுக்கே 10 செ.மீ.க்கு ஒன்று கொடுங்கள். சன்போர்டுக்கு ஃபெவிக்விக் பிடிக்கும்.

எல்லாவற்றையும் நிரந்தரமாக ஒட்டுவது

தளத்தை முழுதாக ஒட்டினால், ஒரு எல்.இ.டி. அணைந்ததும் கப்பலை உடைக்க வேண்டியிருக்கும். ஒரு பகுதியைக் கழற்றும் மூடியாக விடுங்கள். கோபுரம், ரேடார் கம்பம் இரண்டையும் சிறு காந்தத்தில் நிறுத்தினால் தனிப் பெட்டியில் வைத்து எடுத்துப் போகலாம். தொப்பூர் கணவாய் வழியாகச் சேலம் போகும் பேருந்தில் ஒட்டிய ரேடார் முழுதாக இறங்காது. கப்பலை 12 மி.மீ. பிளைவுட் பலகையில், அடியிலிருந்து நான்கு திருகு போட்டு இறுக்குங்கள். பலகை கப்பலைவிட இரண்டு பக்கமும் 5 செ.மீ. நீண்டிருந்தால் தூக்குபவர் கை கப்பலில் படாது.